அவர் மறுத்த பயணம்

நிலாவெளியில் படகு வாங்கி, டொல்பின் பார்க்க ஆட்களை ஏற்றிச் செல்லும் தொழிலை நான் தொடங்கிய புதிது. அன்று காற்று பலமாக இருந்தது. அதே தொழில் செய்யும் ஜெசிந்தா அக்கா, வந்த குடும்பமொன்றை "இண்டைக்கு ஏலாது" என்று திருப்பி அனுப்பினார். நான் அவர்களை மறித்து என் படகில் ஏற்றினேன். போட்டியில் வென்றுவிட்டதாகவே நினைப்பு.

நடுக்கடலில் இயந்திரம் நின்றது. அலை உள்ளே அடித்தது. அந்தத் தாய் பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்தார். வெட்கத்தை விட்டு ஜெசிந்தா அக்காவுக்கே அழைப்பு எடுத்தேன்.

அவர் வந்து, கயிறு கட்டி எங்களைக் கரைக்கு இழுத்து வந்தார்.

"இந்தக் கடலுக்குள்ள ஏலாதெண்டுதானே அக்கா சொன்னனீங்கள்?" என்றேன்.

"கூட்டிக்கொண்டு போகத்தான் ஏலாதெண்டனான். கூட்டிக்கொண்டு வர ஏலாதெண்டு சொல்லேல்லையே. முதல்ல அந்தச் சனத்திட்ட மன்னிப்புக் கேளும். நாளைக்கு விடிய என்னட்ட வாரும்."

விஷயம் பரவியதால், அதன்பின் கடற்கரை விடுதிகள் எனக்கு ஆட்களை அனுப்பவில்லை. அந்தப் பருவம் முழுவதும் அக்காவின் படகில்தான் தொழில் பழகினேன்.

இப்போது என் படகு மீண்டும் ஓடுகிறது. டொல்பின் வரும் இடத்தை எவரும் காட்டித் தந்திருப்பார்கள். ஆசையோடு வந்து நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து "இண்டைக்கு ஏலாது" என்று சொல்ல, அவரிடம்தான் படித்தேன்.