மூடிய கதவில் எரிந்த விளக்கு

என் தங்கையின் இரண்டாவது மகளுக்குப் பட்டறையில் வைத்திருக்கும் பெயர் ஃபியூஸ். கோபம் வந்தால் சட்டென்று போய்விடுவாளாம். போகாமல் என்ன செய்வாள்? கார் ஒயரிங் கற்றுக்கொடுத்த புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து பட்டறைக்கு வரும் ஒயரிங் வேலை முழுக்க அவள் கைதான். வாசல் பலகையில் மட்டும் புருஷனுடைய அண்ணன் பெயர்.

அந்த மூத்தவரிடம் ஒரு பழக்கம். கழற்றுகிற ஸ்க்ரூவையெல்லாம் ஒரே பிஸ்கட் டப்பாவில் போடுவார். திரும்ப மாட்டும்போது கைக்கு எது அகப்படுகிறதோ அதுதான். நீளமோ குட்டையோ, முடுக்கினால் நின்றுவிட வேண்டும், அவ்வளவுதான். இவள் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

இவளுடைய தம்பி, என் தங்கைக்குக் கடைக்குட்டி, ஒரு ஜவுளிக்கடை முதலாளியிடம் கார் ஓட்டினான். காலையில் வண்டியை எடுக்கப் போனால் பேட்டரி செத்துக் கிடக்கும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வாரம். புது பேட்டரி போட்டும் அதே கதை. முதலாளி பட்டறைக்கே வந்து கேட்டிருக்கிறார். மூத்தவர் வாய் கூசாமல், வண்டியில் ஒரு குறையும் இல்லை, டிரைவர் உள்ளே படுத்துப் பாட்டுக் கேட்கிறானோ என்னவோ என்று சொல்லிவிட்டார். தன் செத்துப்போன தம்பியின் பெண்டாட்டிக்குக் கூடப்பிறந்தவன் என்று தெரிந்தேதான் சொன்னார். மறுநாளே அவனிடம் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு அவன் எங்கே போவான்? வேறு இடத்தில் வேலை கேட்டாலும், பழைய முதலாளி ஏன் அனுப்பினார் என்றுதானே முதல் கேள்வி வரும்?

இவள் நேராக ஜவுளிக்கடைக்குப் போய் நின்றாள். "வண்டிய ஒரு நாள் என்கிட்ட விடுங்க. கோளாறு இல்லைன்னா என் தம்பிய நானே செருப்பால அடிக்கிறேன்."

வண்டி வந்தது. முன்கதவைத் திறந்தாள். கதவின் அடியில் இருக்கும் சின்ன விளக்கு எரிந்தது. கதவைத் திறந்தால் அது எரியத்தானே வேண்டும், அதனால்தான் அதுவரை ஒருவரும் அதைச் சந்தேகப்படவில்லை. கதவு மூடும்போது சட்டத்தில் உள்ள சுவிட்ச் பட்டன் அமுங்கும், விளக்கு அணையும். இவள் பட்டனை விரலால் அழுத்திப் பார்த்தாள். அணையவில்லை. சுவிட்சிலிருந்து ஒயரையே உருவினாள். அப்போதும் எரிந்தது.

கதவின் உள்பலகையை மேலே நெம்பி, டார்ச் அடித்துப் பார்த்தாள். கீழ் மூலையில் விரல் நீள ஸ்க்ரூ ஒன்று ஒயரைக் குத்தி, தகரத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த ஒயர் தகரத்தைத் தொட்டால் சுவிட்ச் போட்ட மாதிரிதான். போன மாதம் கண்ணாடி இறங்கவில்லை என்று அந்தப் பலகையைக் கழற்றி மாட்டியவர் மூத்தவர்தான். மூடிய கதவுக்குள் விளக்கு ராத்திரி பகலாக எரிந்து பேட்டரியைக் குடித்திருக்கிறது. பழி மட்டும் பிள்ளை தலையில்.

மூத்தவர் எட்டிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. முதலாளி வருவதற்குள் அதைக் கழற்றிவிடு, எலி கடித்தது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று குழைந்தார்.

"அதுல கை வெச்சீங்க, நடக்கிறதே வேற மாமா. எலிக்கு ஸ்க்ரூ முடுக்கத் தெரியுமா?"

பட்டறையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பத்து நிமிஷ வேலை, செய்யவில்லை. கதவுக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, ஸ்க்ரூ டிரைவரை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை காவல் உட்கார்ந்தாள்.

முதலாளி வந்ததும் அவர் விரலாலேயே பட்டனை அழுத்தச் சொன்னாள். விளக்கு அணையவில்லை. ஸ்க்ரூவைக் காட்டினாள். யார் மாட்டியது என்று அவர் கேட்டார்.

"நீங்களே சொல்லுங்க மாமா. என் தம்பியப் பத்திச் சொன்ன வாய்தானே."

மூத்தவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான்தான்" என்றார்.

அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூவைத் திருகி எடுத்தாள். விளக்கு அணைந்தது. நைந்த இடத்தை வெட்டி, ஒயரை முறுக்கி ஈயம் வைத்து, டேப் சுற்றி, சுவிட்சில் மாட்டினாள். அழுத்தினால் அணைந்தது, விட்டால் எரிந்தது. தம்பியை நாளைக்கே வரச் சொல் என்றார் முதலாளி.

"நீங்களே வந்து கூப்பிடுங்க. போகச் சொன்னது நீங்கதானே."

மறுநாள் காலை அவர் வீட்டு வாசலுக்கு வந்து கூப்பிட்ட பிறகுதான் பிள்ளை கிளம்பினான்.

மூத்தவர் இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. பிஸ்கட் டப்பாவை அவர் கண்ணெதிரே குப்பையில் கவிழ்த்தாள். இருவரும் அதே பட்டறையில்தான் வேலை பார்க்கிறார்கள். ஆனால் அவரை மாமா என்று கூப்பிடுவதை அவள் அன்றோடு விட்டாள். ஏதாவது வேண்டுமென்றால், "இங்க பாருங்க" என்பதோடு சரி.