அறுபத்தொன்று செல்லாது

கணினிதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனாலும் யாராவது விசைப்பலகையில் ஒரு எண்ணைத் தட்டிவிட்டு அலட்சியமாகத் திரும்பினால், இன்றைக்கும் நான் எழுந்து போய் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது கேமரன் மலையில், நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில்.

எண்பதுகளின் நடுவில் கோலாலம்பூரில் படித்து முடித்து ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். தோட்டத்துத் தொழிற்சாலைக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வைக்கும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. வாடிய இலையைக் கசக்கும் ரோலர்களை அது ஓட்டும், நிறுத்தும். தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தில் வளர்ந்த பெண் கம்ப்யூட்டரோடு வந்து இறங்கியிருக்கிறாள் என்று எனக்கு ஏகத் திமிர். என் அக்கா அந்த ரோலர்களில்தான் வேலை பார்த்தாள். நானும் அக்கா வீட்டிலேயே தங்கினேன்.

அந்தக் கம்ப்யூட்டரின் கெர்னலை எழுதியது நான். இயந்திரத்தைத் தொட உரிமை உள்ள ஒரே நிரல் அதுதான். மற்ற நிரல்கள் அதனிடம் கேட்கத்தான் முடியும். லயத்து ஆட்கள் நேராகத் தோட்ட மேலாளரான துரை முன்னால் போய் நிற்க முடியாது, அலுவலகக் குமாஸ்தாவான கிராணியிடம்தான் சொல்ல வேண்டும் இல்லையா, அந்த மாதிரி. 'ரோலரை இத்தனை நிமிடம் நிறுத்தி வை' என்பது அப்படி ஒரு கோரிக்கை. நேரம் முடிந்ததும் ரோலர் தானாக ஓடத் தொடங்கும். ஒன்றிலிருந்து அறுபது வரை செல்லும்.

செல்லாத எண் வந்தால்? 'இது செல்லாது' என்று திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நான் அனுப்பவில்லை. திரையில் பிழை என்று வந்தால் துரை என்னைத்தான் பிழை சொல்வார் என்று பயந்தேன். செல்லாத எண் எதுவானாலும் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் மேலே போகும்படி எழுதிவைத்தேன். கூட வேலை செய்தவர் கேட்டதற்கு, அறுபதுக்கு மேல் யார் போடப் போகிறார்கள் என்று சிரித்தேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. ரோலர்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. ஓட ஆரம்பித்ததுமே ஒரு மாலை நழுவி உள்ளே சுற்றிக்கொண்டது. அக்கா ரோலரை நிறுத்தினாள். எத்தனை நிமிடம் என்று திரை கேட்டது. சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் வேண்டும், எப்போதும் அறுபதுதான் போடுவார்கள்.

"பூஜை போட்டு மொத நாளு, முட்டையில முடியலாமா? ஒண்ணு சேத்துப் போட்டுட்டேன்லா" என்று பக்கத்தில் நின்றவளிடம் அக்கா சொன்னது என் காதில் விழுந்தது. மொய் எழுதும்போது நூறு வெள்ளியோடு இன்னும் ஒரு வெள்ளி சேர்ப்போமே, அதே பழக்கம். அக்காவும் அவளுடைய சாஸ்திரமும் என்று மனதுக்குள் கிண்டல் செய்துகொண்டே நான் இரண்டடி நடந்திருப்பேன்.

அறுபத்தொன்று.

கால் அப்படியே நின்றுவிட்டது. அறுபத்தொன்று செல்லாது. செல்லாதது பூஜ்யம். பூஜ்ய நிமிடம் என்றால் நேரம் முடிந்துவிட்டது, ரோலர் ஓடலாம். அரை நிமிடத்துக்கு ஒருமுறைதான் என் நிரல் கடிகாரத்தைப் பார்க்கும். அதில் எவ்வளவு மிச்சம் என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பினேன். அக்கா முழங்கை வரை உள்ளே விட்டு மாலையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கைய எடு!"

இலை வாட்டும் காற்றாடிகளின் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. "என்னாடி?" என்று முகத்தை மட்டும் திருப்பினாள். ரோலர் அசைந்தது. ஸ்வெட்டர் கை உள்ளே போனது. பிரிஞ்சாங் சந்தையில் வாங்கிய பழைய கம்பளி, நைந்து போனது. தோள் வரை கிழிந்து அவள் கையை விட்டுக் கழன்றது. புதுசு வாங்கித் தருகிறேன் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். வாங்கித் தந்திருந்தால் கை போயிருக்கும்.

துரை ஓடி வந்து திரையைப் பார்த்தார். "யாரு அறுபத்தொண்ணு போடச் சொன்னது?"

"என் தப்புதாங்க தொரை." அக்கா என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன். வேலை போய்விடும் என்று எனக்குப் பயம். நாளையிலிருந்து மலையில் புல் வெட்டப் போ என்று அக்காவுக்கு உத்தரவானது.

அன்றைக்கே நிரலைத் திருத்தினேன். பூஜ்யம், அறுபத்தொன்று, கழித்தல் ஐந்து, எழுத்து, வெற்றிடம் என்று எதைத் தட்டினாலும் இனி ஒரே பதில்: செல்லாது, ரோலர் நின்றபடியே நிற்கும். தப்பான எண் வந்தால் கெர்னல் ஊகிக்கக் கூடாது, எதையும் மாற்றக் கூடாது, காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதை எழுத ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. என் வாயைத் திறக்கத்தான் நான்கு நாள் ஆனது.

நான்காம் நாள் துரையிடம் போய் உண்மையைச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அக்காவை ரோலருக்கே வரச் சொன்னார். என் வேலையும் போகவில்லை. சாயங்காலம் அக்கா மலையிலிருந்து இறங்கி வந்து, வாசல் குழாயடியில் அட்டை கடித்த காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடமும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றும் இருந்தது.

"பிழை யாருக்குத்தான் வராது. நான் எத்தன தடவ இலையக் கெடுத்திருக்கேன்" என்றாள். குழாயை மூடினாள். "ஆனா நாலு நாளா எம் பக்கத்துப் பாயிலதானடி படுத்திருந்த? ஒண்ணு கூடப் போட்டா நேரந்தானே கூடும், எதுக்கு ஓடுச்சு? எனக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருச்சோ, நிறுத்தாமயே கைய விட்டுட்டேனோன்னு நான் பயந்து செத்துக்கிட்டு இருந்தேன்."