நாலாவது கோடு

தவநாயகம் சேர் காலமான செய்தி, யார் யாருக்குச் சொல்வது என்று அவர் போட்ட கோட்டுப் படத்தின்படியே எனக்கு வந்து சேர்ந்தது. இத்தாலியில், பலெர்மோவுக்குப் பக்கத்துப் பகேரியாவில் நான் சமையல் வேலை செய்யும் வீட்டுத் தொலைபேசி காலை பத்து மணிக்கு ஒலித்தது. கேட்டு அழுதேன். பிறகு படத்தில் எனக்குரிய இருவருக்கும் சொன்னேன். என் கடமை முடிந்தது என்றே நினைத்தேன்.

சேர் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர். பலெர்மோவில், படுக்கையில் கிடந்த ஒரு முதியவரைப் பராமரித்தார். "துடைக்கிறதும் கணக்குத்தான், மூலையை விட்டாப் பிழையாப்போம்" என்று சிரிப்பார்.

ஊரில் குண்டு விழுந்தால் செய்தி முதலில் பலெர்மோவின் கபோ சந்தைக்குப் பக்கத்து வீடொன்றுக்கு வரும். அங்கிருந்து நாற்பது பேருக்குப் போக வேண்டும். நாங்களோ வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராக்களின், அதாவது எஜமானியம்மாக்களின், தொலைபேசியை நம்பியிருந்தவர்கள். ஒருவரிடம் கேட்டு இருவருக்குச் சொல்வது என மூன்று தொடர்புக்கு மேல் யார் தலையிலும் விழக்கூடாது என்று எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள்.

சேர் பெரிய தாளொன்றில் ஆளுக்கொரு புள்ளியும், தொடர்புக்கொரு பென்சில் கோடும் போட்டார். பாரம் கூடிய புள்ளியைத் தேடுவார். சும்மா கிடக்கும் தொடர்பொன்றைச் சேர்ப்பார்; வளையம் ஒன்று உண்டாகும். பாரமான இடத்துக் கோட்டை அழித்துவிடுவார். எவரும் அறுந்துபோகமாட்டார்கள், பாரம் மட்டும் நகரும்.

"மூண்டிலை முடியுமோ எண்டு தேடிப்பாக்க ஆயுள் காணாது, தங்கச்சி. ஆனா மூண்டிலை ஒரு வழி இருந்தா, நான் நாலைத் தாண்டமாட்டன். அதுக்கு நிறுவல் இருக்கு."

அந்த நாலாவது கோடு என்னிடம் வந்தது. கடற்கரைப் பக்கம் மொண்டெல்லோவில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்த மன்னார்ப் பிலோமினாவுக்கு நான் சொல்ல வேண்டும். அவருடைய எண் எனக்கும் சேருக்கும் மட்டுமே தெரியும்.

"ஏலாது சேர். சிஞ்ஞோரா ரெண்டு போனுக்கே முகத்தைச் சுழிக்கிறா" என்றேன். உண்மையில் அந்த மனுசி ஒன்றும் சொன்னதில்லை. எனக்குத்தான் பஞ்சி, வெறும் சோம்பல்.

சேர் என் கோட்டை அழித்து, பிலோமினாவைத் தன் புள்ளியோடு இணைத்துக்கொண்டார். கணக்கின்படி அதில் ஒரு லாபமும் இல்லை. நாலு என்பது என்னிடமிருந்து அவரிடம் மாறியது, அவ்வளவுதான். "ஒரு புள்ளி விழுந்தா அதுக்குக் கீழை செய்தி போகாது. அதுக்கு வேறை கணக்கு இருக்கு, பிறகு பாப்பம்" என்றார். பார்க்க அவருக்கு நாள் கிடைக்கவில்லை.

சேர் சொல்ல வேண்டிய மூவரில் இருவர் அவர் கண் மூடும்போது பக்கத்தில் நின்றார்கள். மூன்றாமவர் பிலோமினா. இறுதிச் சடங்கில் அவரைக் காணவில்லை. லீவு கிடைத்திராது என்று எண்ணிக்கொண்டேன்.

சடங்கு முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை சேரின் வீட்டில் இருந்தோம். பிலோமினா கேக் பெட்டியோடு சிரித்தபடி உள்ளே வந்தார். சேரின் புகைப்படத்தையும் அதன்முன் எரிந்த விளக்கையும் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"சேர்தானே சொன்னவர், 'என்ரை போன் வராட்டி ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை எண்டு நினையும்' எண்டு" என்றார். "கிழமை முழுக்கப் போன் வரேல்லை. நான் நிம்மதியா இருந்தனான்."

என்னால் அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்றைக்கும் தொலைபேசி ஒலித்தால், சேர்தான், பிலோமினாவுக்கு ஏன் சொல்லவில்லை எனக் கேட்கப்போகிறார் என்று திடுக்கிடுகிறேன்.

அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. அழித்த கோட்டின் தடம் இன்னும் பள்ளமாகத் தெரிகிறது. அதன்மேலேயே பென்சிலை வைத்து இழுத்திருக்கிறேன்.

நாலும் என்னிடம் இருக்கட்டும், சேர். நீங்கள் போய் வாருங்கள்.