முனகுவதற்கு முன்

முதுகுவலிக்காக வீட்டிலேயே பிலாட்டீஸ் உடற்பயிற்சி செய்யலாமென்று விரிப்பும் இழுத்துப் பழகும் ரப்பர் பட்டையும் வரவழைத்தேன். பட்டை பள்ளிக்கூடப் பிள்ளையின் ரிப்பன் போல இருந்தது. நாமக்கல்காரன் அதை நம்புவானா? பழைய லாரி டியூப்பில் ஒரு பட்டை நறுக்கிக்கொண்டேன்.

மூடிய கதவில் மாட்ட வேண்டும் என்றது பட்டையோடு வந்த குறிப்பு. என் கோலத்தை யாரும் பார்த்துவிடாதபடி, கதவை வெளியே தாழிடுமாறு மனைவியிடம் சொன்னேன். கைப்பிடியில் டியூப்பைக் கட்டி, கதவுப் பக்கம் தலைவைத்துப் படுத்து, முழுப் பலத்தோடு இழுத்தேன். மூச்சை விடச் சொல்லியிருந்தார்கள். விட்டேன், அது முனகலாக வந்தது.

“ஏனுங்க, நெஞ்சு வலிக்குதுங்களா?” பதறிய மனைவி தாழ்ப்பாளை நீக்கிவிட்டாள். டியூப் இழுத்த வேகத்தில் கதவு உள்ளே பாய்ந்து, என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. இன்னும் ஒரு விரற்கடை கதவை நெருங்கிப் படுத்திருந்தால் மண்டை பிளந்திருக்கும்.

“மூச்சுப் பயிற்சி” என்றேன், படுத்தபடியே.

“முனகறதுன்னா சொல்லிப்போட்டு முனகுங்க சாமி! எனக்கு உசுரே போயிருச்சு.”

இப்போது அந்த ரிப்பன் பட்டையைத்தான் ஜன்னல் கம்பியில் கட்டுகிறேன். முதுகும் தேவலை. ஆனால் தினமும் முதலில், “முனகப் போறேன்” என்று சமையலறைக்குக் குரல் கொடுக்கிறேன். “செரிங்க” என்று பதில் வந்த பிறகே மூச்சை விடுகிறேன்.