மொரீன் கலந்த நீலம்

நாட்டிங்ஹாமில் முப்பது வருடம் பஸ் ஓட்டிய சிரில் பெக்ஸ்டன், விரல் உயரச் சிப்பாய் பொம்மைக்குப் பொத்தான் வரை வண்ணம் பூசிவிடுவார். நிறம் கலக்க மட்டும் வராது. அது மனைவி மொரீன் வேலை. அளவு எழுதிவைக்கும் பழக்கம் அந்த அம்மாளுக்குக் கிடையாது. “கண்ணு சொல்லும்யா,” என்பாள்.

முப்பது குதிரைவீரர்களில் இருபத்தொரு பேருக்குக் கோட்டு பூசியிருந்தபோது அவள் போய்ச் சேர்ந்தாள். ரொட்டி டப்பாவில் அவள் கலந்த நீலம் மிச்சமிருந்தது, ஒன்பது பேருக்குச் சரியாக.

அக்ரிலிக் வண்ணத்தைத் தட்டில் விட்டால் கால் மணியில் காய்ந்துவிடும். டப்பாவில் ஈர ஸ்பாஞ்ச், அதன்மேல் கேக் சுடும் தாள், தாளில் நிறம் என்று மூடி, ஃப்ரிட்ஜில் வைத்தால் நாள்கணக்கில் தாங்கும். சிரில் வாரக்கணக்கில் தாங்கவைத்தார். தினமும் சொட்டுத் தண்ணீர் விட்டு, பூதம் காத்ததுபோல் காத்தார். பிரஷ்ஷை மட்டும் தொடவில்லை.

பொம்மைக்கு வண்ணம் பூசுவோர் கிளப்பில் கூட்டாளியான டெனிஸ் சீண்டினான். “எப்பய்யா பூசுவ? ஒம்பது பேரும் அம்மணமா குதிரைல உக்காந்திருக்கான், குளிராதா?”

“பூசிட்டா தீந்துபோயிடும்டா.”

டெனிஸுக்குச் சிரிப்பு போய்விட்டது. “அப்ப பூஞ்சை புடிக்காம ஸ்பாஞ்சுக்கு அடியில ஒரு பென்னிக் காசு போட்டு வை, செம்பு இருந்தா பூஞ்சை அண்டாது. பழசா பாத்துப் போடு. புதுசுல செம்பு மேல்பூச்சுதான், உள்ள இரும்பு. காந்தம் ஒட்டுச்சுன்னா வேணாம்.”

மொரீனின் கோட்டுப் பையில் ஒரு பென்னி கிடந்தது. அவளுடைய காசையா காந்தம் வைத்துச் சோதிப்பது? மனுஷன் அப்படியே போட்டார்.

மகள் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்து டப்பாவைத் திறந்தார். துரு ஸ்பாஞ்சில் ஊறி, தாளைத் தாண்டி, நீலம் சேற்றுத் தண்ணீராகியிருந்தது. ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தைக் காசருகே கொண்டுபோனார். டக்கென்று ஒட்டியது. நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

தாளின் ஓரத்தில் ஒரு பொட்டு மட்டும் கெடாமல் இருந்தது. பிரஷ்ஷை எடுத்தார். ஒரே ஒருவனின் கோட்டுக்குத்தான் வந்தது.

வியாழக்கிழமை கிளப்பில் டெனிஸ் எண்ணிப் பார்த்தான். “இருபத்திரெண்டுதான் இருக்கு. மத்தவனுங்க?”

“வீட்ல இருக்கானுங்க,” என்றார் சிரில். “எல்லாத்துக்கும் கோட்டு இருந்துச்சுடா. நான்தான் குடுக்கல.”