கெசையாவின் திருத்திய முகம்

பெனப்ஸ்காட் ஆற்றங்கரையில் எங்கள் அடுத்த வீட்டுக்காரி கெசையா டோ. பீப்பாய் செய்து பிழைத்தவரின் விதவை. சிறு வயதில் போட்ட அம்மை அவள் முகத்தில் ஓர் இடம் விடவில்லை. தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்காருவாள். மற்றவர்கள் திரும்புவதற்குள் எழுந்து போய்விடுவாள்.

ஊர் ஊராகப் போய்ப் படம் எடுக்கும் போட்டோ வண்டி வரும்போது மட்டும் அவளுக்குக் குஷி. படம் பதியும்வரை குழந்தை அசையாமல் இருக்க வேண்டுமே, அதனால் தாயை நாற்காலியில் உட்காரவைத்து, வெறும் நாற்காலி போலத் தெரியும்படி தலையோடு துணி போர்த்தி, மடியில் பிள்ளையை வைத்துப் படம் எடுப்பார்கள். மற்ற தாய்மார்கள் மூச்சு முட்டுகிறது என்று முணுமுணுப்பார்கள். இவள் துணியைத் தானே இழுத்துப் போர்த்திக்கொள்வாள்.

"நம்ம கெசையா மாதிரி அடக்கமான நாற்காலி எந்த வீட்லயும் இல்லடி!" என்று பெண்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்த மடிப்பிள்ளை, அவள் மகன் ஏமோஸ், வளர்ந்து உள்நாட்டுப் போருக்குப் போனான். கூடாரத்தில் ஒவ்வொருவனும் அம்மா படம் வைத்திருக்கிறானாம், தனக்கும் வேண்டும் என்று எழுதினான். தயங்கித் தயங்கி ஒருநாள் வண்டிக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"தலையை மட்டும் ஆட்டாதீங்கம்மா. மத்ததைத் தூரிகை பாத்துக்கும்" என்றான் போட்டோக்காரன்.

படத் தகட்டில் வந்த முகத்தில் ஒரு வடுகூட இல்லை. கன்னத்தில் ரோஜா நிறம் வேறு.

"அனுப்பாத. இது நீ இல்ல" என்றேன்.

"நாலு பேர்கிட்ட காட்டுவான்டி. என்னால அவனுக்கு எதுக்குத் தலைகுனிவு?"

அனுப்பிவிட்டாள்.

இலையுதிர் காலத்தில், காலில் குண்டடி பட்டு ஏமோஸ் விடுப்பில் வந்தான். அவன் பெட்டியைச் சுமந்துகொண்டு கூடாரத்துச் சிநேகிதன் ஒருவன் முன்னால் வந்தான். கெசையா மாவுக் கையோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். நானும் அவள் பின்னால் வாசலுக்கு வந்தேன்.

அந்தப் பையன் தொப்பியைக் கழற்றினான். "ஏமோஸ் வந்துட்டான்னு அவங்க அம்மாகிட்ட சொல்றீங்களா? படத்தைப் பாத்துப் பாத்து எனக்கும் அம்மா மாதிரிதான். எங்க கூடாரத்துலயே அழகான அம்மா அவங்கதான்."

ஏமோஸ் அதற்குள் நொண்டிக்கொண்டு படியருகில் வந்துவிட்டான். எல்லாம் காதில் விழுந்தது. இவதான் அம்மான்னு சொல்லித் தொலையேன்டா என்று என் மனம் அடித்துக்கொண்டது. அவன் காது மடல் சிவக்கத் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கெசையா மகனை ஒரு தடவை பார்த்தாள்.

"உக்காருங்க தம்பி, கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே கூப்பிட யாரும் இல்லை.