வெள்ளைச் சோற்று மாப்பிள்ளை

என் தாய்மாமாவுக்கு லாபிஸ் ரயில் நிலையத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை கிடைத்ததும் அவரிடம் முதலில் மாறியது சட்டையல்ல, சோறு. ரப்பர் தோட்டத்துக் கடையில் எங்களுக்கெல்லாம் கொடுத்தது புழுங்கலரிசி. அதன் வாடை கூலிக்காரர்களுக்கே உரியது என்று மாமா தீர்மானித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்து வீட்டுக்கு வரும்போது, தீட்டித் தீட்டிப் பளபளத்த சயாம் பச்சரிசியைத் தாமே பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார். அம்மா அதைத் தனிப் பானையில் வடிப்பாள். பருப்பு, பயறு, கீரை எதையும் மாமா தொடமாட்டார். வெள்ளைச் சோறும் ஒரு துண்டுக் கருவாடும் போதும். "தொரைக்குக்கூட இவ்வளவு பத்தியம் கெடையாதுடா" என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

சில மாதங்களில் மாமாவின் நடை மாறியது. சேற்றில் நடக்கும் கொக்கைப்போல் காலை உயரத் தூக்கி, தொப்பென்று வைத்தார். உத்தியோகம் வந்தால் நடையும் வரும் என்று அப்பா பெருமைப்பட்டார். ஒருநாள் ஒரு செருப்பு வழியில் கழன்று விழுந்ததே தெரியாமல், மற்றதோடு மட்டும் வீட்டுக்குள் நுழைந்தார். பெரிய யோசனையில் இருக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் தம் மகளைக் கொடுக்க முன்வந்தார். மருந்தும் ஊசியும் கையில் வைத்திருப்பவர், துரையோடு நின்று பேசுபவர். அப்படிப்பட்ட சம்பந்தம் கிடைப்பது லேசா? அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கப்பலேறி வந்த கொஞ்ச நாளிலேயே பெற்றவர்கள் இருவரையும் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, இந்தத் தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். அவனுக்கு ஒரு கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

நிச்சயம் அவர்கள் வீட்டில் நடந்தது. தாம்பூலம் மாற்றியதும், "மாமனார் கால்ல விழுந்து கும்பிடுப்பா" என்றார் அப்பா. மாமா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். டிரெசர் ஆசீர்வதித்தார். மாமா எழவில்லை. டிரெசர் இன்னொரு முறை ஆசீர்வதித்தார். அப்போதும் எழவில்லை.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு மரியாதையா!" என்று பெண்ணின் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா பெருமையோடு மீசையைத் தடவினார். மாமா தரையில் கைகளை ஊன்றுவதும் சரிவதுமாக இருந்தார். பக்திக்கும் ஓர் அளவு உண்டல்லவா? அப்பா இருமிப் பார்த்தார். கடைசியில் இரண்டு பேர் தூக்கி நிறுத்தியபோது மாமாவுக்கு வேர்த்துக் கொட்டியது.

டிரெசர் சிரிக்கவில்லை. "எங்க தம்பி, குந்துங்க பார்ப்போம்" என்றார்.

மாமா குந்தினார். எழ முடியவில்லை. டிரெசர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்தபின்னும் குழி அப்படியே இருந்தது. நான் கிட்டப்போய் எட்டிப் பார்த்தேன்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "நாங்க பொண்ணு கேட்டு வந்தோமா, மாடு விக்க வந்தோமா? பல்லையும் புடிச்சுப் பாத்துடுங்களேன்!" என்று எழுந்துவிட்டார்.

டிரெசர் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. "என்ன சோறு தம்பி சாப்புடுறீங்க?"

"வெள்ளரிசிதாங்க. புழுங்கல்லாம் நமக்கு ஆகாது" என்றார் மாமா, குந்தியபடியே, கௌரவம் சற்றும் குறையாமல்.

"பெரிபெரி" என்றார் டிரெசர். ஏதோ பலகாரத்தின் பெயர் என்று நினைத்து நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன்.

பின்னாளில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பித்தபோது, அந்த நோய்க்கு மாமாவைத்தான் பிள்ளைகளுக்கு உதாரணம் காட்டினேன். சோறு விறகு மாதிரி. உடம்பின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் ஓர் அடுப்பு இருக்கிறது. விறகை எவ்வளவு அடுக்கினாலும், அது சரியாக எரிந்து தெம்பாக மாறத் தயமின் என்ற சத்து துளியாவது வேண்டும். அது இருப்பது தவிட்டில். நெல்லை அவித்தால் அது அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடும். அவிக்காமல் பளபளக்கத் தீட்டினால் தவிட்டோடு கோழிக்குப் போய்ச் சேரும். அது இல்லாவிட்டால், ஓயாமல் உழைக்கும் நரம்பும் இதயமும் முதலில் தடுமாறும். மாமா மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே பட்டினி கிடந்திருக்கிறார்.

அன்று இதெல்லாம் எங்களில் யாருக்குத் தெரியும்? அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்படத் தயாரானார். டிரெசர் அம்மாவிடம் வந்து தணிந்த குரலில் சொன்னார். "கால்ல இருக்கும்போதே பாத்துட்டோம்மா. நெஞ்சுக்கு ஏறியிருந்தா நான் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. தவிட்டுக் கஞ்சியும் பச்சப்பயறும் குடுங்க. தம்பி தேறட்டும். எம்பொண்ணு எங்கயும் போயிட மாட்டா."

அம்மா அப்படியே அவர் காலில் விழுந்தாள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் காலில் விழுவது எந்த ஊரிலும் இல்லாத வழக்கம். அப்பாவின் முகம் கறுத்தது. பெண்ணின் அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். டிரெசர் பதறி, "எந்திரிம்மா, எந்திரி" என்று பின்வாங்கினார். அம்மா எழவில்லை. அவள் முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது.

எனக்கு விஷயம் சட்டென்று விளங்கிவிட்டது. மாமாவின் பானையில் மிஞ்சிய சோற்றை இவளும் திருட்டுத்தனமாகத் தின்றிருக்கிறாள்.

"டிரெசரய்யா!" என்று கத்தினேன். "எங்கம்மாவையும் குந்தச் சொல்லிப் பாருங்க!"